கோஸ்டர் விற்க என் கண்ணீர் எதற்கு?

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நான்கு. என் நாத்தனார் விட்டுப்போன இரண்டையும் சேர்த்து, வளர்த்தது ஆறு. இந்த வாரம் இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன்? காரணம் இருக்கிறது. கோபமும் இருக்கிறது.

நான் மணி கோர்த்து கோஸ்டர் செய்வது உங்களுக்குத் தெரியும். அதுதான், டீ டம்ளருக்கு அடியில் வைப்பது. கொம்பு முளைத்த குட்டி டிராகன், முகமூடி வீரன், எப்போதும் முறைக்கிற முயல்... பேத்தி நிலா பார்க்கிற கார்ட்டூன் ஆட்களெல்லாம் என் கையில் வருவார்கள். அவள் கட்டம் போட்ட தாளில் கலர் அடித்துத் தருவாள். ஒரு கட்டத்துக்கு ஒரு மணி. முயலின் புருவத்தை மட்டும் கடைசியில்தான் கோர்ப்பேன். அது வந்தால்தான் முயலுக்கு உயிர். மணியும், அதைக் கோர்க்கிற நைலான் நரம்பும் டவுனில் தேடி வாங்கி வருபவள் என் மருமகள் கோமதி.

செய்ததைக் கிரிவலப் பாதையில் ஒரு கடைக்குக் கொடுக்கிறேன். போன வாரம் அந்தக் கடைக்காரர் வீடியோ எடுக்க வீட்டுக்கு வந்தார். தீபத்துக்கு எடுத்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய புடவை இருக்கிறதா என்று கேட்டார். நல்ல புடவை வீணாகுமே என்கிற அக்கறை போலிருக்கிறது என்று நினைத்து மாற்றிக்கொண்டேன். கோமதி காபி கொண்டுவந்தாள். அவளைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். நான் கேமராவைப் பார்த்துச் சிரித்தேன்.

"சிரிக்காதீங்க பாட்டிம்மா. வேலையப் பாருங்க."

பார்த்தேன். முயலின் கண் மணிக்குள் நரம்பு நுழையவில்லை. கண்ணை இடுக்கினேன், நீர் வந்தது. இந்த வயதில் வரும். அவருக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு நாளில் கீழ்பென்னாத்தூரிலிருந்து கோமதியின் அம்மா போன் செய்தார். போன் அவள் காதில். குரல் என் காது வரை.

"ஏண்டி, மாமியாருக்கு சோறு போடறியா இல்லியா? ஊரே பாக்குது."

பிறகுதான் நாங்கள் அந்த வீடியோவைப் பார்த்தோம். என் கண்ணில் நீர். பின்னால் ஒரு வயலின் அழுகிறது. 'பெற்ற பிள்ளைகள் கைவிட்ட இந்தத் தாய்' என்று எவனோ ஒருவன் குரல். கீழே கமென்ட்டில் என் மகனுக்கும் மருமகளுக்கும் வசவு... வாசித்துக் காட்டிய நிலா பாதியிலேயே நிறுத்திவிட்டாள். கோமதி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"நான் இன்னா அத்த பண்ணேன்?"

அவ்வளவுதான் கேட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். கடைக்காரர் நாற்காலி போட்டார். தப்பாக எதுவும் இல்லையாம். சோகமாகப் போட்டால்தான் வீடியோ ஓடுமாம். பொருளும் ஜாஸ்தி விற்கிறதாம்.

"நீ விக்கறது பொருள இல்ல தம்பி, எம் மருமவ மானத்த. எடுத்துடு."

இப்போதுதான் நன்றாக ஓடுகிறது, இரண்டு நாள் போகட்டும் என்றார்.

"போவட்டும். எனக்கு அவசரமே இல்ல. நீ எடுக்கற வரைக்கும் இங்கயே இருக்கேன்."

இருந்தேன். கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் என் வயது, பிள்ளைகள், யார் யார் எங்கே இருக்கிறார்கள், காலையில் கோமதி என்ன டிபன் செய்தாள் என்று நிதானமாகச் சொன்னேன். சென்னைக்கார அம்மா ஒருத்தர் எடுத்த டிராகனைத் திரும்ப வைத்துவிட்டு, கடைக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகுதான் அவர் போனைக் கையில் எடுத்தார். வீடியோ போயிற்று. மிச்சமிருந்த கோஸ்டர்களை நான் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு ஒன்று புரியவில்லை. இதையே ஒரு காலேஜ் பையன் செய்தால் ஆர்ட்டிஸ்ட். நான் செய்தால் பாவப்பட்ட பாட்டியா? முயல் நன்றாக இருந்தால் முயலுக்காக வாங்குங்கள். நான் பட்டினி கிடந்தால்தான் உங்கள் டீ இறங்குமா?

அந்த வீடியோ அதற்குள் எத்தனை போனுக்குப் போயிற்றோ. அதனால்தான் முதல் வரியிலேயே கணக்கு சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா வருகிறார். அவருக்கு முயல் கோஸ்டர்தான். புருவத்துக்கு இன்னொரு வரிசை மணி சேர்த்திருக்கிறேன்.

நிலா, எழுதிட்டியா? மொதல்லேர்ந்து படிச்சுக் காட்டு. நான் சொல்லாத வார்த்த ஒண்ணுகூட அதுல இருக்கக் கூடாது.