அந்தோணி எழுதிய பெயர்

கூட்டத்தில் பேச எனக்குக் கூச்சம். ஆனாலும் அன்றைக்குப் பேசிவிட்டேன். எழுபதுகளில் நடந்தது.

சென்னையில் சட்டசபைச் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வுபெற்று வந்த எங்கள் தெரு அந்தோணிக்குத் தருவைகுளம் கோயில் முற்றத்தில் சால்வை போட்டார்கள். என் வீட்டுக்காரரும் இன்னும் சிலரும் புயலில் கடலோடு போனபோது அவன் சபையில் வாயே திறக்கவில்லை என்று எனக்குப் பல வருஷக் கசப்பு.

“ஏலே அந்தோணி, அங்கனேயே இருந்தியே, எங்களுக்காவ ஒரு வார்த்த பேசினியாலே?”

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

“யக்கா, நான் அங்கன பேசக் கூடாது. பேசுதவங்க சொல்லுதத எழுதணும், அதான் வேல. புயல்ல போன நம்ம ஆளுக பேர நம்ம தொகுதி உறுப்பினர் வாசிச்சப்ப ஒரே கூச்சல், யாருக்கும் கேக்கல. சபை முடிஞ்சதும் அவரு வாசிச்ச பேர்ச் சீட்ட வாங்கி, ஒரு பேரு விடாம எழுதினேன். ஒனக்குன்னுதான் கொண்டாந்தேன்.”

சபையில் பேசியதையெல்லாம் அச்சடித்த புத்தகத்தை விரித்துக் கொடுத்தான். ஐந்தாம் வகுப்புப் படிப்பில் எழுத்துக்கூட்டி வாசித்தேன். ‘தருவைகுளம் சூசை மிக்கேல்.’ என் வீட்டுக்காரர் பெயர்தான்.

அதுவரை பேசுகிறவர்களைத்தான் பெரியவர்கள் என்று நினைத்திருந்தேன்.

கடல் கொண்டுபோனவருக்குக் கல்லறை கிடையாது, இறந்தோரை நினைக்கும் நாளில் மெழுகுவர்த்தி ஏற்ற இடமும் கிடையாது. அந்த வருஷம் கல்லறைத் திருநாளில், வீட்டில் அந்தப் பக்கத்தை விரித்துவைத்து, முதல்முறையாக அவருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.