சட்டையில் இருந்த வைன் மணம்

குணம் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி கைபேசியில் வந்தபோது பல் வைத்தியரிடம் டெர்மின் எடுத்து, குறித்த நேரத்துக்காகக் காத்திருந்தேன். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து தெருவில் இறங்கிவிட்டேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அவருடைய மனைவி கேட்டிருக்கிறார். நான்கு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் ஒரு சீன உணவகத்தில் பதினொரு வருடம் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் நின்றோம். சீன அரிசி வைனை அவரைப்போல் கையாண்டவரை நான் கண்டதில்லை. கோழியை இஞ்சியோடு ஊற வைக்க ஒரு கரண்டி. மீனை அவிக்கும்போது வெடுக்கு நாற்றம் போக அரைக் கரண்டி. "இறைச்சிக்கு மேலை ஊத்தாதை தம்பி, கொதிக்கிற தாச்சியின்ர கரையிலை ஊத்து. வெறி போகும், வாசம் நிக்கும்" என்பார். குப்பென்று எழும் ஆவி அவர் சட்டையில் படியும்.

எனக்கு எரிச்சலூட்டியது ஒன்றுதான். வைன் விட்ட எதையும் அவர் ருசி பார்க்க மாட்டார். என் தாச்சிச் சட்டி தீப்பிடித்து எரியும் நேரத்திலும் கரண்டியை நீட்டுவார். "ஒருக்கா வாயிலை வைச்சுச் சொல்லு."

"ஏன் அண்ணை, உங்களுக்கு நாக்கில்லையோ?"

"இருக்கு. அது லீவிலை நிக்குது."

ஒருமுறை எனக்குத் தெரிந்த ஒருவர் மகளின் கல்யாணச் சமையலை யாரிடம் கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்டார். அவர் மனதில் குணம் அண்ணை இருந்தார். எனக்கோ அந்தச் சமையல்மேல் ஆசை. "ஆள் கெட்டிக்காரன்தான். ஆனா வேலை முடிஞ்சு வரேக்கை மணக்கும்" என்றேன். அது உப்புப் போட்ட சமையல் வைன், ஒரு மடக்கும் குடிக்க ஏலாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சமையல் என் கைக்கு வந்தது. பேச்சு நாலு வீடு போனது. கல்யாணத்தன்று அண்ணை தானாக வந்து எனக்கு வெங்காயம் வெட்டித் தந்தார். நான் சொன்னது அவர் காதுக்கு எட்டியதா இல்லையா, தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை.

செத்தவீட்டில் அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், சொன்னார்: "முந்திக் குடியாலை எங்கட குடும்பமே பிரியப் பாத்தது. விட்டாப் பிறகு ஒரு துளி நாக்கிலை படவிடேல்லை. வேலைச் சட்டையையும் வாசல்லையே கழட்டித் தருவார், பிள்ளையளுக்கு மணக்கக்கூடாதெண்டு. உங்கட நாக்கை நம்பித்தான் சமைச்சவர், தம்பி."



அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நம்பிக்கைதான். அதை வைத்துக்கொண்டு நித்திரை கொள்ள முடியவில்லை. அண்ணையை அறிந்தவர்களே, அவர் குடிக்கிறார் என்று நீங்கள் எங்காவது கேட்டிருப்பீர்கள். அவர் குடிக்கவில்லை. அந்தக் கதையைக் கட்டியவன் நான். அக்கா, இடம் போதாவிட்டால் மற்றதையெல்லாம் வெட்டுங்கள், இதை மட்டும் என் பெயரோடு போடுங்கள்.