ஐந்தடித் தொட்டியும் மாமா போட்ட தரையும்

எங்கள் வீட்டுத் தரை கோணல் என்பதைக் கண்டுபிடித்தது நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. அந்தப் பெருமையை ஒரு மாதத்துக்குக் குறையாமல் வகுப்பில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்றைக்கு நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்பா செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். முள் எந்தக் கோட்டில் நிற்க வேண்டுமோ அந்தக் கோட்டில் நிற்கிறதா என்று நாளெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. வீட்டிலும் அதே கண். காலண்டர் கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூட, சோறு பிசைந்த கையோடு எழுந்துபோய் முழங்கையால் நிமிர்த்துவார். கத்துகிற மனிதர் இல்லை. ஆனால் சொல்லிக்காட்டுகிற மனிதர். அம்மா ஒருமுறை மோட்டாரை அணைக்க மறந்துவிட்டாள் என்பதற்காக, மோட்டார் சத்தம் கேட்கும்போதெல்லாம் இரண்டு வருஷம் அதைச் சொன்னார்.

அவரோடு வேலை பார்த்த ஒருவர் வெளியூருக்கு மாற்றலாகிப் போனபோது, தன்னுடைய ஐந்தடி மீன்தொட்டியை, ஆறு கால் இரும்பு ஸ்டாண்டோடு, அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். செம்மண்டலத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அவ்வளவு பெரிய தொட்டி கிடையாது. நாலு பேர் தூக்கிவந்து ஹாலில், வாசலை நோக்கிப் போகும் சுவரோரமாக வைத்தார்கள். அப்பா ஹோஸ் போட்டுத் தண்ணீர் விட்டார். முக்கால் தொட்டி நிறைந்ததும் நான் என் ஸ்கேலைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் வரைக்கும் சாமியறைப் பக்கம் ஐந்து அங்குலம், வாசல் பக்கம் நாலு. தண்ணீர் சாய்ந்து நிற்கிறது என்று போய்ச் சொன்னேன்.

"தண்ணி எப்பவும் சாயாது. தொட்டிதான் சாஞ்சிருக்கு" என்றார் அப்பா. அதோடு, என்னைத் தட்டிக்கொடுக்கவும் செய்தார்.

பழைய காலண்டர் அட்டைகளை மடித்து வாசல் பக்கத்துக் கால்களுக்கு அடியில் செருகினார். மறுநாள் காலையில் அட்டை நசுங்கி, தொட்டி பழையபடி உட்கார்ந்துகொண்டது. மீன் விற்கிற கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, பாரமெல்லாம் ஒரு மூலையில் இறங்குகிறது, இப்படியே விட்டால் கண்ணாடி ஒருநாள் விட்டுவிடும், முந்நூறு லிட்டரும் ஹாலில்தான் நிற்கும் என்று பயமுறுத்திவிட்டுப் போனார். அப்பா வெல்டரைக் கூட்டிவந்தார். ஸ்டாண்டின் ஆறு காலும் ஒரே அளவு. வெல்டர் ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். அதிலிருந்த குமிழி ஒரு பக்கமாக ஓடிப்போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. நடுவுக்கு வரவே இல்லை.

அந்தத் தரையைப் போட்டவர் என் மாமா. அம்மாவின் தம்பி, சிதம்பரத்தில் மேஸ்திரி. எங்கள் வீட்டை அஸ்திவாரத்திலிருந்து கட்டியவரும் அவரே. பொங்கல் கழித்து மாடி எடுப்பதாக இருந்தது. அதை நம்பி, பரங்கிப்பேட்டையில் துபாய்க்காரர் ஒருவர் கூப்பிட்ட வேலையைக்கூட மாமா வேண்டாமென்று சொல்லியிருந்தார். "கீழ்த்தரையே இப்படி. மாடிய யார நம்பிக் குடுக்கறது" என்று அப்பா, அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். தம்பியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் சமையலறையில் பாத்திரங்கள் உருளும். அன்றைக்கு ஒரு கரண்டிகூட அசையவில்லை.

எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. டைல்ஸ் போட்டபோதே அப்பா சொல்லிவிட்டார், ஹாலில் தண்ணீர் கொட்டக்கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று. சிதம்பரத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த அம்மாவுக்கு, வீட்டை அலசிவிடாத வெள்ளிக்கிழமை ஒரு வெள்ளிக்கிழமையே இல்லை. அப்பாவுக்குப் பகல் ஷிப்ட் வருகிற வெள்ளிக்கிழமைகளில், சைக்கிள் தெருமுனை திரும்பியதும் சாமியறைப் பக்கத்திலிருந்து நாலு வாளி ஊற்றுவாள். லேசாகத் துடைப்பத்தால் தொட்டால் போதும், தண்ணீர் தானாகவே ஓடி வாசலைத் தாண்டிக் குதிக்கும். விடுமுறை நாளாக இருந்தால் நான் அதில் சறுக்கி விளையாடுவேன். அப்பாவிடம் சொல்லாதே என்பாள். நான் சொன்னதே இல்லை. அந்தத் தண்ணீர் ஏன் அவ்வளவு சமர்த்தாக வாசலுக்குப் போகிறது என்று, ஸ்கேல் வைத்து உலகத்தையே அளந்த நான், ஒருநாளும் யோசித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் மாமா வந்தார். கையில் ஒரு சாக்குப்பை. அதற்குள் கண்ணாடி போன்ற டியூப் ஒரு சுருள், கொஞ்சம் இரும்புத் தகடு. தொட்டியைக் காலி செய்ய வைத்தார். டியூபில் தண்ணீர் நிரப்பி, மட்டம் பார்க்க ஒரு முனையை என்னிடம் கொடுத்து, ஆடாமல் பிடிக்கச் சொன்னார். வாசல் பக்கத்து இரண்டு கால்களுக்குக் கனமான தகடு, நடுக்கால்களுக்கு அதில் பாதி, உள்பக்கத்துக் கால்களுக்கு ஒன்றுமில்லை. மேலே ஒரு பலகை, பலகைக்கு மேல் தெர்மாகோல், அதற்கு மேல் தொட்டி. மறுபடி தண்ணீர் விட்டோம். நான் ஸ்கேலை வைத்தேன். இரண்டு பக்கமும் நாலரை. எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

அப்பா அப்போதுதான் கேட்டார். "ஏன் மாப்ள, நான் லெவலாத்தான போடச் சொன்னேன்?"

மாமா கையைத் துடைத்துக்கொண்டே சமையலறைப் பக்கம் பார்த்தார். அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், தலை நிமிரவில்லை.

"ஆமா மச்சான். அன்னிக்குக் கவனிக்காம உட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

அப்பா, சாப்பிட்டுவிட்டுப் போ என்று மரியாதையாகவே சொன்னார். மாடியைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் மீன் வாங்கக் கிளம்பிவிட்டார்.

மீனை விடுவதற்குக் கிண்ணம் கேட்டு நான் சமையலறைக்குப் போனேன். மாமா இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா அழுதுகொண்டிருந்தாள். "தண்ணி ஓடறதுக்கு வாட்டம் வெக்கச் சொன்னது நான்தான்னு சொல்லிடறேன்டா அவருகிட்ட" என்றாள்.

"வேணாங்க்கா" என்றார் மாமா. "நான் ஒருநாளு கேட்டுக்கினு போயிடுவேன். நீ தெனம் கேக்கணும்."

எல்லாம் என் காதில் விழுந்தது. தொட்டி சரியான நாளில் அம்மா எதற்கு அழுகிறாள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. கிண்ணத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.

பொங்கல் கழிந்து, நெல்லிக்குப்பத்திலிருந்து வேறொரு மேஸ்திரி வந்து மாடி வேலையை ஆரம்பித்தார். மாமாவுக்குப் பரங்கிப்பேட்டை வேலையும் அதற்குள் கைமாறிப் போயிருந்தது. ஒரு மாலை அவர் போன் செய்தார். எடுத்தது நான். அம்மா எங்கே என்று கேட்டார். மொட்டை மாடியில் செங்கல்லுக்குத் தண்ணீர் அடிக்கிறாள் என்று சொன்னேன். பிறகு, நல்ல செய்தியை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று, "மாமா, புது மேஸ்திரி எல்லாத்துக்கும் மட்டம் வெச்சுப் பாக்கறாரு. மாடி கோணலா இருக்காது" என்றேன்.

மாமா சிரித்தார். "அப்பிடியா கண்ணு, நல்லதுதான்" என்றார். அவர் சிரித்ததால் அவருக்கும் சந்தோஷம் என்று நினைத்து, அதையே இன்னொரு முறை சொன்னேன்.