ஆத்துக்கு மேல பறக்க ஒரு கம்ப்யூட்டர்

"கொஞ்சம் பொறுத்தா விலை இறங்கும்"னு யாராவது சொன்னா எனக்கு இப்பவும் சுள்ளுனு கோபம் வரும். போன வாரம் வீட்டுக்காரர் ஃப்ரிட்ஜ் வாங்குற பேச்சுல அப்படிச் சொல்லப்போய் என்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு. பாவம், அவருக்கு என்ன தெரியும். ஒரு காலத்துல அந்த வார்த்தையை வாய் ஓயாமச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவளே நான்தான்.

தொண்ணூறுகளோட கடைசி அது. எங்க வீடு பாளையங்கோட்டையில. எனக்கு இருபத்திமூணு வயசு, முருகன்குறிச்சி பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல பாடம் எடுத்துக்கிட்டிருந்தேன். அப்பா நீர்ப்பாசன ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு. முப்பது வருஷமும் அவருக்குத் தாமிரபரணிக் கரையிலதான் வேலை. பாபநாசத்துக்குக் கீழ தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டு. எந்த அணையில எத்தனை அடி தண்ணி நிக்குது, எந்தக் கால்வாய்க்கு எவ்வளவு போகுதுன்னு அளந்து எழுதணும். பாதி தூரம் சைக்கிள், பாதி தூரம் நடை. ஆத்தைக் கரையில நின்னே பார்த்த மனுஷன்.

அவருக்குச் சர்க்கரை இருந்துச்சு. அது கண்ணுல வந்து நின்னுச்சு. விழிக்குப் பின்னால ரத்தம் கசியுதுன்னு லேசர் வச்சாங்க. "இருக்கிற பார்வையைக் காப்பாத்தத்தான் பார்க்கிறோம், போனது திரும்ப வராது, இருக்கிறதும் திடீர்னு ஒரு நாள் போகலாம்"னு டாக்டர் சொல்லும்போது அப்பா, அம்மா, நான் மூணு பேரும் முன்னாலதான் உட்கார்ந்திருந்தோம். தெரியாம நடந்துபோச்சுன்னு நான் யார்கிட்டயும் சொல்லிக்க முடியாது.

வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சு. சென்டர்ல கழிச்சுக்கட்டுன பழைய 486. எட்டு எம்.பி. மெமரி. என் கூட வேலை பார்த்த பொண்ணு, அவ அண்ணன் வெளிநாட்டுல இருந்து கொண்டுவந்த சிடி ஒண்ணைக் கொடுத்தா. விமானம் ஓட்டுற விளையாட்டு. சும்மா போட்டுப் பார்த்தேன். அப்பா நாற்காலியை இழுத்துப் பக்கத்துல போட்டுக்கிட்டாரு. ஏதோ ஒரு வெள்ளைக்கார ஊருக்கு மேல விமானம் தத்தித் தத்திப் போச்சு.

"ஏளா, இதுல நம்ம ஆறு வருமா?"

நான் சிரிச்சுட்டேன். ஆமா, அவனுக்கு வேற வேலை இல்ல பாருங்க, சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டையும் சேர்த்துப் போட்டிருப்பான்னு கேலி பண்ணினேன். அப்பா கோபப்படல. அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது பைய ஒரு விஷயம் சொன்னாரு. முப்பது வருஷம் நடந்தும் ஆறு எப்படி வளையுதுன்னு அவர் ஒரு தடவைகூட முழுசாப் பார்த்தது இல்லையாம். மேப்புல பார்த்தது பத்தாதாம். கண்ணு இருக்கும்போதே ஒரு தடவை மேல இருந்து பார்த்துரணும்னு ஆசையா இருக்குன்னாரு.

அந்த சிடியிலயே நாமளா நிலம் வரையுறதுக்கு இன்னொரு புரோகிராமும் இருந்துச்சு. சரின்னு உட்கார்ந்தோம். அப்பா பழைய ஆபீஸ் சிநேகிதர்கிட்ட இருந்து சர்வே மேப்பை வாங்கிட்டு வந்து, லென்ஸை வச்சுக்கிட்டு கிராஃப் தாள்ல ஆத்தோட ஒவ்வொரு வளைவுக்கும் புள்ளி வச்சாரு. அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். ஒரு புள்ளி தள்ளிப்போனா விடமாட்டாரு. கோடகன் கால்வாய் பிரியுற இடத்துல ஆறு இப்படித் திரும்பாது, அழின்னு சொல்லுவாரு. எனக்கு எரிச்சல் வரும். ரெண்டு பேரும் கத்திக்குவோம். அம்மா அடுப்பங்கரையில இருந்து, ஆத்துத் தண்ணிக்கு ஊரே அடிச்சுக்கிடுது, இவங்க படத்துல ஓடுற ஆத்துக்கு அடிச்சுக்கிடுதாங்கன்னு முணுமுணுப்பா. அந்த ரெண்டு மாசம் அப்பா என்கூடப் பேசுன மாதிரி என் ஆயுசுலயே பேசுனது கிடையாது. உண்மையைச் சொன்னா, எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு.

ஆறு முடிஞ்சு, எட்டு அணையும் முடிஞ்சு, ரெண்டு பக்கமும் வயலுக்குப் பச்சை அடிச்சு, பறக்கவிட்டுப் பார்த்தோம். நகரல. நெல்லையப்பர் தேர் மாதிரி ரெண்டு அடி நகர்றதும் நிக்கிறதும். எட்டு எம்.பி. என்ன பண்ணும்? எனக்குத் தெரிஞ்ச வித்தையெல்லாம் செஞ்சேன். மேகத்தை எடுத்தேன், வீடுகளை எடுத்தேன், தேவையில்லாம மெமரியில உட்கார்ந்திருக்கிறதையெல்லாம் கழிச்சேன். ஒண்ணும் நடக்கல. கடைசியா படத்தை ஒரு போஸ்ட்கார்டு அளவுக்குச் சுருக்கினேன். அவ்வளவுதான், விமானம் வழுக்கிக்கிட்டுப் போச்சு. நான் கை தட்டிட்டேன். அப்பா மூக்கு திரையில இடிக்கிற வரைக்கும் குனிஞ்சு பார்த்தாரு.

"எங்கனளா ஆறு?"

படத்தைப் பெருசாக்கினா நகராது, சின்னதாக்கினா அவருக்குத் தெரியாது. எனக்கு அந்தப் பெட்டியைத் தூக்கிப் போட்டு உடைக்கணும்போல இருந்துச்சு.

வண்ணார்பேட்டையில ஒரு அண்ணாச்சி இருந்தாரு. முன்னால ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்தவரு, அப்போ கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணிக்கிட்டிருந்தாரு. அவர்கிட்ட போய்க் கேட்டேன். முழுசாப் புதுசு எதுக்கு, டப்பா, மானிட்டர், கீபோர்டு எல்லாம் பழசே இருக்கட்டும், உள்ள இருக்கிறதை மட்டும் மாத்துவோம்னாரு. ஒரு ஆபீஸ்ல இருந்து கழட்டுன பென்டியம் போர்டு, முப்பத்திரெண்டு எம்.பி. மெமரி, படத்தைச் சுமக்குறதுக்குத் தனியா ஒரு கார்டு. சென்னைக்குச் சரக்கு எடுக்கப் போறப்போ கொண்டாந்துருவேன்னாரு.

அப்போ வைகாசி மாசம். மெமரி விலை வாரா வாரம் சரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. சென்டர்ல நாங்க கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அதைப் பேசுவோம். நான் அப்பாகிட்ட, இப்ப வாங்கினா ஏமாளித்தனம், பொறுங்கன்னு சொன்னேன். கையில காசு இருக்கு, வாங்கிருவோமேன்னாரு. அவருக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். ஆனி மாசம் மூணு தடவை கேட்டாரு. மூணாவது தடவை, "பச்சப்புள்ள மாதிரி நச்சரிக்காதீங்கப்பா"ன்னு எரிஞ்சு விழுந்தேன். அதுக்கப்புறம் அவர் கேட்கல. கேட்காததை நான் எனக்குக் கிடைச்ச ஜெயமா நினைச்சேன். அறிவு கெட்டவ.

ஆனி கடைசி நாள் அண்ணாச்சி வீட்டுக்கே வந்துட்டாரு. போர்டு சல்லிசாக் கிடைச்சதுன்னு பேப்பர்ல சுத்திக் கொண்டாந்திருந்தாரு. மெமரியும் கார்டும் கடையில ரெடியா இருக்கு, நாளைக்குக் காலையில எடுத்துட்டு வந்து மாட்டிட்டா மத்தியானம் விளையாட்டு ஓடும்னாரு. அப்பா முகம் அப்படியே மலர்ந்துபோச்சு.

அம்மா குறுக்க வந்தா. நாளைக்கு ஆடி பிறக்குது, ஆடியில புதுச் சாமான் வீட்டுக்குள்ள வரக்கூடாது, வந்தது இருக்கட்டும், மிச்சத்தை ஆவணியில நல்ல நாள் பார்த்து வாங்கிக்கலாம்னா.

நான் யாரு தெரியுமா? ஆடியில வேணும்னே சுடிதார் எடுத்துப் போட்டுக்கிட்டு அம்மா முன்னால நடந்தவ. ஆடி ஒண்ணாந்தேதி புதுச் செருப்பு வாங்கி, வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு அம்மா சொல்ல, தெருவுலயே நின்னு சண்டை போட்டவ. அன்னைக்கு நான் என்ன சொன்னேன்? "அம்மா சொல்லுறது சரிதான். ஒரு மாசந்தானே."

ஒரு மாசத்துல மெமரி இன்னும் இறங்கும். அதுதான் என் கணக்கு. அதுக்கு ஆடியை இழுத்து முன்னால நிறுத்திக்கிட்டேன். அம்மாவாவது நம்பிச் சொன்னா. அப்பா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாரு. அவருக்குப் புரிஞ்சுபோச்சு. உங்க இஷ்டம் தங்கச்சின்னு அண்ணாச்சி காப்பியைக் குடிச்சுட்டுப் போயிட்டாரு. போர்டை நான் பீரோவுக்குள்ள, பட்டுச் சேலைக்குக் கீழ வச்சேன்.

ஆடிக் காத்து அந்த வருஷம் ஊரையே தூக்கிக்கிட்டிருந்துச்சு. நான் சென்டருக்குப் போனதும் அப்பா ஜன்னலைச் சாத்திட்டு அந்த 486 முன்னால உட்கார்ந்துருவாராம். படத்தைப் பெருசாக்கி, பாபநாசத்துல இருந்து பறப்பாராம். ஒரு படம் மாறுறதுக்குள்ள அம்மா ஒரு பாத்திரத்தை விளக்கிருவாளாம். பாதி நாள் அம்பாசமுத்திரம் வர்றதுக்குள்ளயே கண்ணு வலிச்சு எழுந்திருச்சிருவாராம். மறுநாள் மறுபடியும் பாபநாசத்துல இருந்து. சேரன்மகாதேவியை ஒரு நாள்கூட அவர் தாண்டல. இதெல்லாம் அம்மா பின்னால சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆடி மூணாவது வாரம், ஒரு காலையில, பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தவரு அதை மடிச்சு மடியில வச்சுக்கிட்டாரு. என்னப்பான்னு கேட்டேன்.

"கண்ணுக்குள்ள மை கொட்டினாப்ல இருக்கு."

மதுரைக்குக் கூட்டிட்டு ஓடினோம். ஆபரேஷன் பண்ணினாங்க. பதினைஞ்சு நாள் கழிச்சுக் கட்டு பிரிச்சப்போ ஒரு கண்ணுல ஒண்ணுமே இல்ல. இன்னொண்ணுல வெளிச்சமும் நிழலும் மட்டும். ஜன்னல் எங்க இருக்குன்னு சொல்லுவாரு. ஜன்னல்ல யாரு நிக்கிறான்னு சொல்ல முடியாது.

ஆவணியில அண்ணாச்சி தானாவே வந்தாரு. விஷயம் தெரியாது அவருக்கு. மெமரி, கார்டு எல்லாத்தையும் எடுத்துட்டு வந்து வாசல்ல நின்னுக்கிட்டு, தங்கச்சி சொன்ன மாதிரியே நல்லா இறங்கிட்டுன்னு சிரிச்சாரு. வேண்டாம் அண்ணாச்சின்னு சொல்ல வாயெடுத்தேன். உள்ள இருந்து அப்பா குரல் கொடுத்தாரு, மாட்டச் சொல்லுன்னு.

மாட்டினாரு. திரை நிறைய, துளி தடங்கல் இல்லாம, வெண்ணெயா ஓடுச்சு. அண்ணாச்சி போனதும் அப்பா தடவித் தடவி வந்து நாற்காலியில உட்கார்ந்தாரு.

"ஓட்டு. நான் கேட்டுக்கிடுதேன்."

பாபநாசத்துல இருந்து கிளம்பினேன். வேகம் எவ்வளவுன்னு கேட்டாரு, சொன்னேன். அதுக்கப்புறம் ரெண்டு கையையும் முழங்கால் மேல வச்சுக்கிட்டு அசையாம இருந்தாரு. கண்ணீர் மறைச்சதுல எனக்குத் திரை சரியாத் தெரியல. ஏதாவது சொல்லணுமேன்னு, சுத்தமல்லி அணை வந்துட்டுப்பான்னு சொன்னேன்.

"வராது. இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு."

கண்ணைத் துடைச்சுட்டுப் பார்த்தேன். கீழ வெறும் ஆறுதான் போயிக்கிட்டிருந்துச்சு. ரெண்டு நிமிஷம் கழிச்சு, அவர் சொன்ன மாதிரியே, ஆத்துக்குக் குறுக்க, அணைக்குன்னு நாங்க போட்டிருந்த வெள்ளைக் கோடு வந்துச்சு. மனுஷன் தூரத்தையும் நேரத்தையும் வச்சு மனசுக்குள்ள கூடவே பறந்துக்கிட்டிருந்திருக்காரு. எனக்கு அதுக்கு மேல தாங்கல. "அப்பா, அன்னைக்கே மாட்டியிருக்கலாம். நான்தான் தள்ளிப்போட்டேன்"னு சொல்லி அழுதேன். அதனால என்ன, விதின்னு ஏதாவது சொல்லுவாருன்னு நினைச்சேன். எல்லா அப்பாவும் அப்படித்தானே சொல்லுவாங்க.

"ஆமாளா. மாட்டியிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னாரு. கோபமாவும் சொல்லல, ஆறுதலாவும் சொல்லல. மறுபடியும், "ஓட்டு, மருதூர் வரட்டும்"னாரு. மருதூர் வந்துச்சு, ஸ்ரீவைகுண்டம் வந்துச்சு, அப்புறம் கடல். முடிஞ்சிட்டான்னு கேட்டாரு. முடிஞ்சிட்டுப்பான்னேன். எழுந்து சுவரைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போய்ப் படுத்துக்கிட்டாரு. அதுக்கப்புறம் அந்த நாற்காலியில அவர் உட்காரவே இல்ல.

ஒரு மாசம் போயிருக்கும். அவர்கூட ஆபீஸ்ல இருந்தவங்க ரெண்டு பேர் பார்க்க வந்தாங்க. கண்ணு போனதைப் பத்திப் பேச முடியாம, கன்னடியன் கால்வாயில தண்ணி திறந்ததைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தாங்க. நடுவுல ஒருத்தர், ஆமா, ஏதோ கம்ப்யூட்டர்ல ஆறு வரையிறதா மேப்பு வாங்கிட்டுப் போனீயளே, என்னாச்சுன்னு கேட்டாரு. நான் காப்பியோட வாசப்படியில நின்னுட்டேன். அப்பாவுக்கு என் கொலுசுச் சத்தம் கேட்டிருக்கும்.

"பாத்துட்டேன் வே. கண்ணு போறதுக்கு முன்னாலயே எம்மவ மாட்டிக் கொடுத்துட்டா. பாபநாசத்துல இருந்து கடல் வரைக்கும் பூரா பாத்துட்டேன்."

அவங்க ரெண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்து, குடுத்துவச்ச மனுஷன்மான்னு சொன்னாங்க. நான் தலையை ஆட்டிட்டு டம்ளரை ஒவ்வொருத்தர் கையிலயா கொடுத்தேன். அப்பாவோட கையைப் பிடிச்சு, அவரோட டம்ளரை அதுல வச்சேன்.