ஒரே தாளில் கிடாரும் கீபோர்டும்

1. பாராட்டு

ஒரு திங்கட்கிழமை காலை மோகன் அண்ணன் எங்கள் கடைக்குப் படியேறி வந்தது பாராட்டுச் சொல்வதற்காக. அவர் ஒரு மெல்லிசைக் குழு நடத்துகிறார். பெருங்களத்தூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை கல்யாண ரிசப்ஷன்களில் கச்சேரி. அவருடைய பாட்டுகளுக்குக் கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டின் பெயர் போட்டு, கம்ப்யூட்டரில் அடித்து, பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை.

"சேகர் சார், உங்க ஷீட்டு சூப்பர்," என்றார் எங்கள் முதலாளியிடம். "கிடார்காரன் கண்ண எடுக்காம பாத்து வாசிச்சான். கீபோர்டு அன்வருதான் கவுத்துட்டான். முத பாட்டே நாறிப்போச்சு. மைக்லயே கேட்டுட்டேன், கை கீபோர்டு மேல கீதா, வேற எங்கனா கீதான்னு. மண்டபமே சிரிச்சிது. ஆளத் தூக்கிட்டேன்."

நான் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பி, "என்ன ஆச்சு அண்ணா?" என்றேன்.

"கிடார் ஒரு ரூட்ல போவுது, இவன் ஒரு ரூட்ல போறான். கேட்டா ஷீட்டுல தப்பாம். ரெண்டு பேர் கைலயும் அதே ஜெராக்ஸு. ஒருத்தன் சரியா வாசிக்கிறான்னா ஷீட்டு எப்பிடிப்பா தப்பாவும்?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் தப்பு எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன். சேகர் சார் என்னைப் பார்த்து, "தம்பி, அண்ணனுக்கு ஒரு டீ சொல்லு," என்றார். நான் கீழே போய் டீயோடு வருவதற்குள் அடுத்த கச்சேரிக்கான ஆர்டரையும் வாங்கி வைத்திருந்தார்.

இத்தனை வருடம் கழித்தும் அந்த டீயை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

2. விரலுக்கு ஒரு பெயர், சத்தத்துக்கு ஒரு பெயர்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

டேப்லேச்சர் சாஃப்ட்வேரில் ஆறு கோடுகள் இருக்கும். ஒவ்வொரு கோடும் கிடாரின் ஒரு தந்தி. எந்தத் தந்தியில் எந்தக் கட்டத்தில் விரல் வைக்க வேண்டும் என்பதை அந்தக் கோட்டின் மேல் எண்ணாக அடிப்போம். கார்டு மாறுகிற இடத்தில் கர்சரை வைத்து D, G, Bm என்று பெயரைக் கொடுத்தால் அது கோடுகளுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். பாட்டு வரியைக் கீழே ஒட்டினால் வேலை முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் டைப் அடிக்கிற வேலை மாதிரிதான் தெரியும்.

ஆனால் கேபோ என்று ஒரு கிளிப் இருக்கிறது. பாடுகிறவரின் சுருதிக்குத் தகுந்தபடி கிடார்காரர் அதைக் கிடாரின் கழுத்தில் ஏதாவது ஒரு கட்டத்தில் மாட்டிக்கொள்வார். மூன்றாவது கட்டத்தில் மாட்டிவிட்டு விரலில் D பிடித்தால் வெளியே வருகிற சத்தம் F. கிடார்காரருக்கு அதனால் ஒரு கஷ்டமும் இல்லை. அவர் பெயர் வைத்திருப்பது விரலுக்கு. கீபோர்டில் கேபோ கிடையாது. தாளில் D என்று இருந்தால் கீபோர்டுக்காரர் D தான் அழுத்துவார், D தான் கேட்கும். பக்கத்தில் கிடார் F போட்டுக்கொண்டிருக்கும்.

சாஃப்ட்வேரும் இதில் காப்பாற்றாது. கேபோ எண்ணைக் கொடுத்துவிட்டு ப்ளே அழுத்தினால் ஸ்பீக்கரில் F கேட்கும். திரையில் D என்றே நிற்கும். காதுக்குச் சரி, கண்ணுக்கும் சரி. இரண்டும் ஒன்றல்ல என்பது அடிக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அதனால் ஒவ்வொரு பாட்டின் தலைப்புக்கும் கீழே நான் ஒரு வரி போடுவேன். கேபோ எந்தக் கட்டம், கீபோர்டு எந்தக் கார்டை எதுவாக மாற்றி வாசிக்க வேண்டும் என்பது அதில் இருக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கல்லூரி ஹாஸ்டலில் நண்பன் ஒருவனின் கிடாரைக் கடன் வாங்கி வாசித்துப் பழகியபோது, பக்கத்து அறைக் கீபோர்டோடு மோதி மோதித் தெரிந்துகொண்டது.

3. அழிக்கப்பட்ட வரி

சேகர் சாருக்கு ஒரு கொள்கை உண்டு. ஒரு பாட்டு என்றால் ஒரு பக்கம். அந்தக் கச்சேரிக்கான முதல் பாட்டில் என் ஒரு வரியால் கடைசிச் சரணத்தின் நாலு வார்த்தை அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது.

"இது என்னடா தலையில?"

"கேபோ குறிப்பு சார்."

"கிடார்காரனுக்குத் தெரியாதா, அவன் கேபோ எங்க மாட்றான்னு?"

"அவருக்குத் தெரியும் சார். கீபோர்டுக்குத் தெரியணும்."

"அதெல்லாம் அவங்களுக்குள்ள பேசிப்பாங்க. நாலு வார்த்தை தனியா தொங்குது பாரு, அசிங்கமா. எடுத்துடு."

"சார், மேடையில மோதும் சார்."

"எங்க, ப்ளே பண்ணு."

பண்ணினேன். சார் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "கரெக்டா தானே கேக்குது? நீ என்ன மியூசிக் டைரக்டரா? எந்திரி." அவரே என் நாற்காலியில் உட்கார்ந்து அந்த வரியை அழித்தார். மற்ற பாட்டுகளிலும் தேடித் தேடி அழித்தார். பக்கம் அழகாகத்தான் இருந்தது, நான் மறுக்கவில்லை.

இங்கே என் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கக் கற்றவன் நான்தான் முதல். அப்பா தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர். கரண்ட் பில்லில் தொகை தப்பாக வந்திருக்கிறது என்று ஒருமுறை சொன்னேன். "பிரிண்ட்டுல வந்திருக்குதுல்ல, அவன் தப்பாவா போடுவான்?" என்று என்னைத்தான் சந்தேகப்பட்டார். அச்சடித்த தாளை மனிதர்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்பது அதை இஷ்டத்துக்கு அச்சடிக்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. அந்தத் தாளை வாங்கி அப்படியே நம்புகிறவனின் வீட்டில் பிறந்திருந்தால் தெரியும்.

4. பீர்க்கன்கரணையில்

மோகன் அண்ணன் வந்துபோன அன்றைக்குச் சாயங்காலமே அன்வர் பாய் வீட்டைத் தேடிப் போனேன். பீர்க்கன்கரணையில் ஏரிப் பக்கம் வீடு. பகலில் திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் வெல்டிங், வாரக் கடைசியில் கீபோர்டு. ஒருமுறை கடைக்கு ஷீட் வாங்க வந்திருக்கிறார், அவ்வளவுதான் பழக்கம்.

கீபோர்டு அதன் உறைக்குள் கதவருகே தயாராக நின்றது. "வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போவுது," என்றார் அவர் மனைவி. "கச்சேரி முடிஞ்சி வந்ததுலேர்ந்து தொடவே இல்ல. வித்துடலாம்ங்கறாரு."

என்ன நடந்தது என்று அன்வர் பாய் எனக்குச் சொன்னார். ஓவர்டைம் இருந்ததால் ரிகர்சலுக்குப் போக முடியவில்லை. ஷீட்டை வாங்கி வந்து வீட்டில் ஹெட்போன் மாட்டிப் பழகியிருக்கிறார். "ஒரு எடத்துலகூட இடறல தம்பி," என்றார். இடறாதுதான். தனியாக வாசிக்கும்போது எல்லாக் கார்டும் ஒரே அளவு கீழே இருக்கும், பாட்டு பாட்டாகத்தான் கேட்கும். இன்னொரு வாத்தியம் பக்கத்தில் வந்தால்தான் குட்டு வெளிப்படும்.

"மேடையில கை வெச்ச ஒடனே தெரிஞ்சிச்சு, சேரலன்னு. வால்யூமக் கொறச்சேன். மேல தேடுனேன், கீழ தேடுனேன். அதுக்குள்ள மோகன் அண்ணன் மைக்ல ஆரம்பிச்சிட்டாரு. ஷீட்டுல என்னமோ கீது அண்ணான்னேன். கிடார்காரனப் பாத்தாரு. அவன் குனிஞ்சிக்கினான்."

"அப்புறம்?"

"சுவிட்ச ஆஃப் பண்ணுன்னாரு. எறங்கிடட்டான்னு கேட்டேன். வேணாம், வீடியோ ஓடுது, கைய மட்டும் ஆட்டிக்கினு உக்காருன்னாரு." அன்வர் பாய் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கச்சேரி முடியற வரைக்கும் ஆட்டிக்கினு இருந்தேன். சத்தம் வராத பொட்டி மேல."

அவர் மனைவிக்கு இது தெரியாது போலிருக்கிறது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

நான் உறையைப் பிரிக்கச் சொன்னேன். அந்தப் பாட்டின் கேசட்டும் இருந்தது; குழு பாடியதும் அதே சுருதியில்தான். கிடார்காரர் கடையில் கொடுத்த குறிப்பில் முதல் பாட்டுக்குக் கேபோ மூன்று. கீபோர்டில் சுருதியை ஏற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை மூன்று முறை அழுத்தச் சொல்லிவிட்டுக் கேசட்டை ஓடவிட்டேன். மேடையில் வாசித்த அதே D, அதே G, அதே Bm வாசித்தார். பல்லவி, சரணம், கடைசி வரை கேசட்டோடு ஒட்டிக்கொண்டு போனது.

அன்வர் பாயே கேசட்டை நிறுத்தினார். பிறகு, "அப்ப என் கை சரியாத்தான் இருந்திருக்கு," என்றார்.

"ஷீட்டுதான் பாய் தப்பு. குறிப்ப எடுத்துட்டாங்க."

"இத நீ என்கிட்ட வந்து சொல்லி என்ன பிரயோஜனம்? நான் வாசிச்சது எனக்குத் தெரியும். சிரிச்சவனுக்குச் சொல்லு."

5. மோகன் அண்ணன் சொன்னது

அந்த வாரமே குழுவின் ரிகர்சலுக்குப் போனேன். மோகன் அண்ணன் வீட்டு மாடியில்தான் ரிகர்சல்; எல்லாரும் டீ குடிக்கக் கீழே இறங்கியிருந்தார்கள். அவர் மட்டும் இருந்தார். அங்கிருந்த கிடாரிலேயே கேபோவை மாட்டி D வாசித்துக் காட்டினேன். ஒரே நிமிடத்தில் புரிந்துகொண்டார். பாட்டுக்காரர்தானே, காது இல்லாமல் இல்லை.

"அடப்பாவிகளா," என்றார். "சரி, அன்வர வரச் சொல்லு. அடுத்த புரோகிராமுக்கு வந்துரட்டும்."

"வரச் சொல்றது இருக்கட்டும் அண்ணா. எல்லார் முன்னாடியும் திட்டினீங்க இல்ல. அவரு மேல தப்பு இல்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

"இன்னாப்பா பேசற? நாலு பேரு முன்னாடி நான் போயி சாரின்னா, நாளைக்கு எவன் என் பேச்சக் கேப்பான்? திரும்ப எடுத்துக்கறேன்னு சொல்றேன்ல, அதுவே பெரிசு. இத இத்தோட வுடு, பேஜார் பண்ணாத."

கிடார்காரரைப் படியில் பிடித்தேன். "கேபோ போட்டா எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சேன் மச்சான்," என்றார். மோகன் அண்ணன் கத்தும்போது ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "அந்த டைம்ல போயி எப்பிடி" என்றார். அந்த டைமில் சொல்லாமல் வேறு எந்த டைமில் சொல்வது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடைக்கு வந்தால் சேகர் சாருக்கு விஷயம் போனில் முன்பே வந்திருந்தது. "நம்ம கடைத் தப்ப நீயே போய் கஸ்டமர் வீட்டு வாசல்ல கொட்டிட்டு வர்றியா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, குரலை இறக்கி, "அந்தப் புது ஆர்டர்ல கேபோ லைனப் போட்டுடு. ரெண்டாம் பக்கம் போனா போவட்டும்," என்றார்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தாளைத் திருத்த எல்லாரும் தயார். இனிமேல் வரப்போகிற கீபோர்டுக்காரருக்குச் சரியான தாள் கிடைக்கும். தப்பான தாளால் மேடையில் அவமானப்பட்ட மனிதருக்கு ஒன்றும் கிடையாது.

6. அடிக்குறிப்பு

புது ஆர்டரை அடித்தேன். ஒவ்வொரு பாட்டிலும் கேபோ வரியைத் தலையில் போட்டேன். முதல் பாட்டு இரண்டாம் பக்கத்துக்குப் போனது. அங்கே நிறைய வெற்றிடம் இருந்தது. பத்திரிகைகளில் பிழை வந்தால் மறுநாள் திருத்தம் போடுகிறார்களே, அது மாதிரி, பாட்டின் எழுத்து அளவிலேயே இப்படி அடித்தேன்:

"திருத்தம்: சென்ற கச்சேரிக்கு நாங்கள் கொடுத்த தாள்களில் கேபோ குறிப்பு நீக்கப்பட்டிருந்தது. கீபோர்டு வாசித்த அன்வர், தாளில் இருந்ததைச் சரியாகவே வாசித்தார். மோதல் எங்கள் தாளால் நேர்ந்தது."

ஜெராக்ஸ் எடுத்து, குழுவில் ஆளுக்கு ஒன்றாகப் பின் அடித்து, நானே மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எலக்ட்ரானிக் டிரம் பேட் வாசிக்கிறவர் முதலில் கவனித்தார். "இன்னாபா இது, அன்வரு பேரு போட்டுகீது?" என்று சத்தமாகப் படித்தார். பாடகி வாங்கிப் பார்த்தார். எல்லாரும் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார்கள். மோகன் அண்ணனும் படித்தார். தாளை மூடிவிட்டு, "முத பாட்டு எடுங்க," என்றார். பிரிண்ட்டில் வந்ததை அவராலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

அந்த மாதத்தோடு சேகர் சார் என்னை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டேன். "ஒரு பாட்டுன்னா ஒரு பக்கம்," என்றார்.

ஒரு பிரதியை அன்வர் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கீபோர்டு கதவருகே இல்லை. ஒரு கணம் பயந்துவிட்டேன். உள்ளே ஸ்டாண்டில் இருந்தது. தாளை நின்றபடியே படித்தார். மனைவியிடம் கொடுத்தார். அவர் இரண்டு முறை படித்துவிட்டு மடித்து, கீபோர்டு உறையின் பையில் வைத்தார்.

"நல்லா போட்டிருக்க," என்றார் அன்வர் பாய். "ஆனா தம்பி, இது நீ சொன்னது. அவரு சொல்லல. மண்டபத்துல சிரிச்சவங்க யாரு இந்த ஷீட்டப் பாக்கப் போறாங்க?"

அவர் மோகன் அண்ணன் குழுவுக்குத் திரும்பிப் போகவில்லை. மறைமலை நகர் பக்கம் வேறு குழுவில் வாசிக்கிறார். உட்காரும் முன் கிடார்காரரிடம் கேபோ எந்தக் கட்டம் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்பாராம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். கேபோ வரியை முதலில் அடியுங்கள், பிறகு பாட்டை அடியுங்கள். பக்கம் அசிங்கமானால் ஆகட்டும். அதையும் மீறித் தப்பு நடந்துவிட்டால், தப்பு எந்தச் சத்தத்தில் நடந்ததோ அந்தச் சத்தத்தில் திருத்தம் வர வேண்டும். மைக்கில் நடந்ததை நான் தாளில்தான் திருத்தினேன். என் கையில் தாள்தான் இருந்தது. மைக் வைத்திருந்தவர் இன்னும் பாக்கி வைத்திருக்கிறார்.