சனிக்கிழமை மட்டும் இஷ்டப்படி

எழுபதுகளில் காரைக்குடியில் ஒரு நூல் மில்லின் ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். ஆபீசில் பெண்கள் நான்கு பேர். நால்வருக்கும் ஒரே மாதிரி நீலப் புடவை; மில்லிலேயே கொடுப்பார்கள். அழகான நீலம் என்று சொல்ல முடியாது, துவைத்துத் துவைத்துச் சாயம் போனது வேறு. மற்ற மூவரும் அதைத் திட்டாத நாளில்லை. எனக்கோ அது உயிர்.

கல்யாணமான மறு வருஷமே கணவரைப் பறிகொடுத்தவள் நான். கோட்டையூரில் மாமியார் வீட்டில் எனக்கு வெள்ளைதான். 'ஆபீஸ் சட்டம், உடுத்தாவிட்டால் வேலை போய்விடும்' என்று சொல்லித்தான் அந்த நீலத்துக்கு அனுமதி வாங்கியிருந்தேன். பஸ் ஏறிவிட்டால் நானும் எல்லாரையும் போல ஒருத்தி.

புதிதாக வந்த மேனேஜர் அதில் மண்ணைப் போட்டார். இனிச் சனிக்கிழமைகளில் யூனிபார்ம் வேண்டாம், அவரவர் இஷ்டப்படி உடுத்தி வரலாம் என்றார். பட்டணத்தில் அப்படித்தானாம். எல்லாரும் கை தட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. என் தெருவிலிருந்து வேலைக்கு வரும் தோழி அன்று சாயங்காலமே என் மாமியாரிடம் சேதியைக் கொட்டிவிட்டாள்.

"இஷ்டப்படி உடுத்தலாம்னு சொல்லிட்டாகளாமுல்ல? அப்பச் சனிக்கிழமை வெள்ளையவே உடுத்திட்டுப் போத்தா. ஊரு வாயில விழ வேணாம்" என்றார் மாமியார்.

உடுத்திப் போனேன். ஆபீஸ் கல்யாண வீடு மாதிரி இருந்தது. சுங்குடியும் கண்டாங்கியுமாகப் பெண்கள், பூப்போட்ட சட்டையில் ஆண்கள். மேனேஜர் பஞ்சு வாங்கும் பேச்சுக்காக வெளியே கிளம்பினார். வாசலில் நான் எதிரே வந்தேன். என் புடவையைப் பார்த்தவர் அப்படியே திரும்பி உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் வரவழைத்துக் குடித்துவிட்டு, அப்புறம்தான் புறப்பட்டார். முந்தின நாளும் அதே வாசலில் என்னைத் தாண்டித்தான் போயிருந்தார்! அப்போது நான் நீலத்தில் இருந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம். பட்டணத்து நாகரிகத்தைக் கொண்டுவந்த மனுஷனின் லட்சணம் இது.

அன்று முழுக்க டைப்ரைட்டரைப் போட்டு அடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை நீலத்தை உடுத்திக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பினேன். மாமியார் வாசலை மறித்தார்.

"இன்னைக்குத்தான் அவுகவுக இஷ்டமாச்சே?"

"ஆமா அத்தை. இது என் இஷ்டம். வெலகுங்க, பஸ்ஸு போயிரும்."

தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.