பின்வீட்டு ரைட்டர்

ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கம் தனியாக ஓர் அறை உண்டு. எனக்கு எட்டு வயதான குளிர்காலத்தில் அதில் ஓர் ஆப்பிரிக்கர் குடிவந்தார். பென்ரோஸில் ஒரு கிடங்கில் அப்பாவோடு பெட்டி அடுக்குகிறவர். எந்த நாடு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு ஆப்பிரிக்கா முழுவதும் ஒரே ஊர்தான்.

அவர் வருவதற்கு முந்தின நாள், சாப்பிடும்போது அப்பா சாதாரணமாகச் சொன்னார்: “அவரு ரைட்டராம்.”

சித்தப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

சித்தப்பா படிக்க வந்தவர். சேர்ந்த கல்லூரியைப் பாதியில் மூடிவிட்டார்கள். விசா முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கடைசி அறையில் இருந்தார். யாராவது கேட்டால் அங்கே யாரும் இல்லை என்று சொல்ல என்னைப் பழக்கியிருந்தார்கள். ஊரில் ரைட்டர் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து புகார் எழுதுகிறவர். திருட்டுப்போன பைக்குக்காக அப்படி ஒருவர் முன்னால் சித்தப்பா ஒருநாள் முழுக்க நின்றிருக்கிறார். படித்துப் பார்த்தால், பைக்கைத் திருடியதே இவர்தான் என்பதுபோல் எழுதியிருந்ததாம்.

“கதை எழுதுற ரைட்டர்டா” என்றார் அப்பா. “அவங்க ஊர்ல புஸ்தகமெல்லாம் போட்டிருக்காராம்.”

“எல்லா ரைட்டரும் கதைதாண்ணே எழுதுவான். அதுக்குப் பேருதான் எஃப்.ஐ.ஆர்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிங்க அண்ணி. புஸ்தகம் போட்ட மனுசன் பென்ரோஸ்ல வந்து எதுக்குப் பெட்டி தூக்குறான்?”

ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பாவும் அங்கேதான் பெட்டி தூக்கினார் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதன்பிறகு சித்தப்பா பின்பக்கம் போவதை நிறுத்தினார். துணிகளை அறைக்குள்ளேயே நாற்காலி முதுகில் காயப்போட்டார். ஜன்னல் திரையை விரல் அகலத்துக்கு விலக்கிவைத்து, அதன் வழியே பார்த்துக்கொண்டே இருந்தார். எதிரே ரைட்டர், வேலையிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் எழுத உட்காருவார். நடுநடுவே தன் திரையின் ஓரத்தைத் தூக்கி எங்கள் வீட்டைப் பார்ப்பார்.

“பாத்தியா, பாக்குறான் பாரு. பாப்பா, என்ன எழுதுறான்னு நைசா தெரிஞ்சுட்டு வா.”

அம்மா கொடுத்த கேசரியோடு போனேன். ரைட்டர் எனக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். ஒளிந்து வாழும் ஒருவனைப் பற்றி என்றார். வெளியே வரவே பயப்படுவானாம், ஜன்னலிலேயே நிற்பானாம். பிறகு எங்கள் கடைசி அறையைக் காட்டி, அங்கே நிற்பது யார் என்று மெதுவாகக் கேட்டார்.

“நோபடி” என்றேன், பழக்கியிருந்தபடி.

அவர் கேசரியைக் கீழே வைத்துவிட்டார். பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன்.

சித்தப்பாவிடம் ஓடிவந்து எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். “ஒளிஞ்சிருக்கிற மேன் பத்தி எழுதுறாரு சித்தப்பா. அவன் ஜன்னல்லயே நிப்பானாம்.”

“பேரு எழுதியிருக்கானா?”

“பேரு இன்னும் வைக்கலயாம்.”

“வைப்பான்” என்றார். அவர் முகம் எப்படியோ ஆகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை காலை சித்தப்பா, நண்பர் ஒருவரின் வேனில் கிவிப்பழத் தோட்ட வேலைக்குப் போய்விட்டார். அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இரண்டு மாதத்தில் அங்கே பிடிபட்டார், ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை. அவருடைய அறை எனக்குக் கிடைத்தது. அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பதினாறு வயதில் பள்ளியை விட்டேன். பழம் பறித்தேன், மீன் வெட்டினேன், மோட்டல்களில் படுக்கை விரித்தேன். எந்த ஊரிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. போன குளிர்காலத்தில், தெற்கே ஒரு சிற்றூர் நூலகத்துக்குள் ஹீட்டருக்காக நுழைந்தபோது, ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் ரைட்டர் இருந்தார். தலை நரைத்திருந்தது. ஆறு நாவல்கள், பரிசுகள், ஏதோ பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லித்தருகிறார். அதற்குமுன் தன் நாட்டில் பள்ளி ஆசிரியராக இருந்திருக்கிறார். இரண்டாவது நாவலைப் போலீஸார் கடைகளிலிருந்து அள்ளிக்கொண்டு போனபிறகு இரண்டு வருஷம் வீடு வீடாக ஒளிந்திருக்கிறார். மூன்றாவதை எழுதியது ஆக்லாந்தில், பெட்டி அடுக்கிக்கொண்டு. என் கையில் இருந்தது அந்த மூன்றாவது.

படித்து முடிக்க எனக்கு ஆறு வாரம் ஆனது. ஒளிந்து வாழ்ந்தவன் கடல் தாண்டி அந்நிய ஊருக்கு வருகிறான். முன்வீட்டில் ஒருவன், வெளியே வராமல், விரல் அகலத் திரை இடுக்கில் இவனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். தன்னைத் தேடி அனுப்பப்பட்ட ஆள் என்று இவன் முடிவுகட்டுகிறான். அந்த வீட்டுச் சிறுமியிடம் கேட்கிறான். யாரும் இல்லை என்கிறாள். அன்றிலிருந்து இவன் மேசையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டுத் தூங்குகிறான். ஜன்னல்காரன் யார் என்பது கடைசிப் பக்கம்வரை அவனுக்குத் தெரியவில்லை.

அன்று சித்தப்பா வேனில் போன அடுத்த வாரம், ரைட்டர் தன் நாற்காலியை வெளியே தூக்கிவந்து, புல்லில் போட்டு, வெயிலில் உட்கார்ந்து எழுதினார். என்னைப் பார்த்ததும் சிரித்துக் கையசைத்தார். அவ்வளவு நாள் பெய்த மழை விட்டதால்தான் வெளியே வந்திருக்கிறார் என்று நினைத்து, நானும் கையசைத்தேன்.